ஆறு பாட்டில்

பள்ளத்தூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே
எங்கள் பலகாரக் கடை.
காலை ஐந்தரைக்கு எண்ணெய் காய்ந்துவிடும்.
அதே ஐந்தரைக்குக் காரைக்குடியிலிருந்து
அந்த ஜிம் பையன் வருகிறான்,
பைக்கின் பின்னால் தெர்மகோல் பெட்டி,
உள்ளே எனக்கு ஆறு பாட்டில்.

மூடியில் எண் ஒட்டியிருக்கும்.
ஒன்று வெண்பூசணி.
இரண்டு பாகற்காயும் எதுவோ ஒரு கீரையும்.
மூன்றிலிருந்து ஐந்துவரை
நிறம் மட்டும்தான் வேறு.
ஆறாவது பாதாம் பால்.
அதை நினைத்துத்தான் மற்ற ஐந்தும்.

ஐந்து நாளுக்கு நாலாயிரத்து ஐந்நூறு.
எத்தனை கிலோ தேன்குழல் என்று
கை தானாகக் கணக்குப் போட்டது.

எட்டு வருஷச் சர்க்கரை எனக்கு.
இப்போது ஈரலில் கொழுப்பும்.
லேபில் அந்தப் பெண்
காகிதத்தை நாலாக மடித்துக் கொடுத்தாள்.
நல்ல சேதியை யாரும் அப்படி மடிப்பதில்லை.

"உடம்பை உள்ளே கழுவிவிடணும் ஆச்சி"
என்றாள் தையல்கடைத் தேனம்மை.

கழுவுவது எனக்குத் தெரியாதா.
இரும்புச் சட்டி நாலையும்
தேங்காய் நார் போட்டுத் தினமும் தேய்க்கிறேன்.
கறுப்பு போனதே இல்லை.
போனால்
சீயம் அடியில் ஒட்டிக்கொள்ளும்.

முதல் நாள் தலைவலி.
"நச்சு வெளியேறுது" என்றான் பையன் போனில்.
வெளியேறியது என் பொறுமை.
உளுந்து ஒரு படி கூடப் போட்டதற்கு
ராக்குவை வாசல்வரை கேட்கத் திட்டினேன்.

இரண்டாம் நாள் கானாடுகாத்தான் கல்யாணம்,
நானூறு சீயம், இருநூறு கந்தரப்பம்.
பதினெட்டு வருஷமாக இந்தக் கடையின் உப்பு
என் நாக்கில்தான் இருக்கிறது.
நுனியில் வைத்தேன், துப்பினேன்.
துப்பிய இடத்துக்கு எறும்பு வந்தது.
எறும்புக்கு ரிப்போர்ட் இல்லை.

பிள்ளையார் நோன்பன்று
மாவில் இழை வைத்து ஏற்றி
எரிகிற சுடரோடு விழுங்குகிற தொண்டை,
பாகற்காய்ச் சாற்றுக்கு
இறங்கமாட்டேன் என்று நிற்கிறது.

மூன்றாம் நாள் பதினொரு மணி.
சர்க்கரை மாத்திரையை வழக்கம்போலப் போட்டிருந்தேன்.
போடாதே என்று
எந்த மூடியிலும் எழுதியிருக்கவில்லை.
முறுக்கை நிறுத்தேன். தராசு நடுங்கியது.
பதினெட்டு வருஷத்தில் அந்தத் தராசு நடுங்கியதில்லை.
சில்லறைக்கு நின்றவருக்கு இரண்டு முகம்.
வேர்வை, குளிர்ந்த வேர்வை.

ராக்கு என் தாடையைப் பிடித்து
வாயில் எதையோ திணித்தாள்.
அதிரசம். உடைந்த பாதி,
விலைக்குப் போகாதது.
முதலில் வெல்லம் வந்தது.
கொஞ்சம் கழித்து நான் வந்தேன்.

டாக்டர் நாலாம் எண்ணைத் திறந்து மோந்து பார்த்தார்.
"நல்லாத்தான் இருக்கு" என்றார்.
"யாரைக் கேட்டு மாத்திரையோட இதைக் குடிச்சீங்க?"
நான் அவர் மேசைக் காலண்டரைப் பார்த்தேன்.
"மத்தியானம் சோறு எவ்வளவு?"
"கண்ணளவுதான்."
"அந்தக் கண்ணைக் கொஞ்சம் சின்னதாக்குங்க."

மிச்சப் பாட்டில்களை என் வீட்டுக்காரர் குடிக்கிறார்.
காசு கொடுத்தாச்சாம்.
ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில்
இரண்டு சீயம்.

எனக்கு இப்போது ஒரு கரண்டிச் சோறு,
வெண்டைக்காய் மண்டி, வாழைத்தண்டு.
சாயங்காலம் கண்மாய்க்கரைவரை நடை,
திரும்பும்போது செருப்பில் கருவமுள்.
எடை குறைந்ததா தெரியாது;
அடுத்த காகிதம் தை மாதம்தான் வரும்.

கடையில் ருசி பார்க்க
ஒரு சீயத்தை நாலாகப் பிளந்து
ஒரு கால் எடுத்துக்கொள்கிறேன்.
மற்ற முக்காலைத் தட்டிலேயே வைக்கிறேன்.
திரும்பிப் பார்த்தால் தட்டு காலி.

ராக்குவைக் கேட்டேன்.
வாய் நிறைந்திருந்ததால்
அவள் பதில் சொல்லவில்லை.