மாதிரி எண் பதினேழு

கத்திவாக்கத்தில் ரயிலிறங்கி
ஷேர் ஆட்டோவில் காட்டுக்குப்பம்.
இடுப்பளவுக் கழியில் தேசம்மா
காலால் துழாவிக்கொண்டிருந்தாள்.
கண்ணுக்குச் சிக்காத மட்டி
கட்டைவிரலுக்குச் சிக்கும்.

இரண்டு படி தந்தாள்.
"ஒண்ணு மிஷினுக்கு, ஒண்ணு ஒனக்கு.
இஞ்சி தட்டிப் போட்டு வதக்கு."
பாலத்தூணில் படர்ந்திருந்த பாசியை
நானே பிடுங்கினேன்.
பைகளில் தேதி எழுதும்போது
பேனாவிலும் சாம்பல் ஒட்டியது.

தரமணியில்
இரும்புக் கத்தி எங்களுக்கு ஆகாது.
பீங்கான் கத்தியால் ஓட்டை நெம்பி,
சதையை வழித்து, உறையவைத்து உலர்த்தி,
மாவாக்கி, அரை கிராம் நிறுத்து
நைட்ரிக் அமிலத்தில் விட்டால்
பழுப்பாய்ப் புகைந்து அடங்கும்.
மிஞ்சுவது
குடிக்கலாம் போலத் தெளிந்த ஒரு திரவம்.
அதை ஆர்கான் சுடர் குடித்து
எண்ணாகத் துப்பும்:
காட்மியம், ஆர்சனிக், பாதரசம்,
ஈயம்.

வெறும் அமிலம் மட்டும் ஊற்றிய குப்பி
ஒன்றும் வரிசையில் உண்டு.
அது பூஜ்யம் காட்ட வேண்டும்.
காட்டவில்லை.
குப்பியைத் திரும்பக் கழுவினேன்,
கையுறை மாற்றினேன், ஏ.சி.யை அணைத்தேன்.
அப்போதும் மூன்றாம் தசமத்தில்
எங்கிருந்தோ வந்து உட்கார்ந்திருந்தது.
"கழிச்சிடும்மா, வழக்கம்தான்"
என்றார் அறிவுக்கரசு சார்.

கழித்த பிறகும்
பதினேழு வரம்புக்கு மேலேயே நின்றது.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
துடைத்ததையே திரும்பத் துடைத்தார்.
"ரிப்போர்ட்டு வந்து...
ஈயம் பூசின மாதிரியும் இருக்கணும்
பூசாத மாதிரியும் இருக்கணும்."
சொல்லி முடித்த பிறகுதான்
அவர் காதிலேயே அது விழுந்தது.
சிரிப்பு பாதி வரை வந்து
எங்கள் இருவரிடமும் நின்றுவிட்டது.

'மேலும் ஆய்வு தேவை' என்று தட்டினேன்.
எண்ணில் கைவைக்கவில்லை.
தடித்த எழுத்தும் ஆக்கவில்லை.

புதன்கிழமை தேசம்மா ஃபோன் செய்தாள்.
"இன்னா, மிஷினு துன்னுச்சா?
ருசியா இருந்துச்சாமா?"
அவள் பக்கம் எண்ணெயில்
ஏதோ பொரிகிற சத்தம்.
என்ன குழம்பு என்று கேட்க வாயெடுத்தேன்.
"நாளைக்கு வரேன்" என்றேன்.

வீட்டு ஃப்ரீஸரில்
பட்டாணிப் பாக்கெட்டுக்குப் பின்னால்
அவள் எனக்கென்று அளந்த படி
எண் எழுதாத பையில்
இன்னும் இறுகிக் கிடக்கிறது.