எது போகிற குழாய்

ஜூலை. ரெய்ஸ்தோர்ப்பில் புல்லெல்லாம் உப்பு தூவிய பனி.
பழைய ஃபோர்டின் முகத்தைக் கழற்றி
சிமென்டுத் தரையில் மல்லாத்தி வைத்திருக்கிறோம்.
ரேடியேட்டர் தெரிகிறது,
போன கோடையில் வந்து மோதிய தும்பிகளோடு.

சென்ற மாதம் டவுன் ஹில் ஏற்றத்தின் பாதியில்
கியர்பெட்டி கருகி வாசம் விட்டது.
முதுகில் முந்நூறு நாற்காலி, பந்தல் கம்பி.
ஹோவிக்கில் மாப்பிள்ளை வீட்டார்
நின்றுகொண்டே சாப்பிட்டார்கள்.
பாக்கிப் பணத்தை அக்கா ரூபாவதி இன்னும் கேட்கவில்லை.
எனக்கும் சேர்த்து அவளே வெட்கப்பட்டுக்கொண்டாள்.

அளவுக்கோலை உருவினால்
மாதுளைச் சாறாய் இருக்க வேண்டியது
கஷாயமாய்ச் சொட்டியது.
வடித்து, சல்லடை மாற்றி,
புதுச் சிவப்பு ஊற்றியாயிற்று.
இனி அதைச் சூடேறாமல் காக்க வேண்டும்.

கூலர், ஜேக்கப்ஸ் காயலான் கடையில் கிடைத்தது.
நானூற்றைம்பது ராண்ட். ஓரத்தில் மடிந்த தகடுகளை
வெண்ணெய்க் கத்தியால் நிமிர்த்தினேன்.
"பிளாஸ்டிக் பட்டியை நடுவில் குத்தி இழுத்துக் கட்டலாம்,
பத்து நிமிஷம்" என்றேன்.
"பத்து மாசத்தில் உரசி உரசி ஓட்டை" என்றாள்.
வளைந்துபோன பந்தல் கம்பி ஒன்றை அறுத்துச் சட்டம் செய்தோம்.
மதியம் போயிற்று.

பெட்டியிலிருந்து ரேடியேட்டருக்கு இரண்டு குழாய்.
எது போவது, எது வருவது?
மேலது என்றாள். கீழது என்றேன்.
இரண்டையும் கழற்றி, ஆளுக்கொரு தயிர் வாளி பிடிக்க,
பக்கத்து வீட்டு ப்ரிஷன்
சாவியை ஒரு மூச்சு நேரம் திருப்பினான்.
என் வாளி வறண்டு கிடந்தது.
அவள் வாளியில் குபுக்கென்று சிவப்பு, செருப்பிலும்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டம்.

கொதிப்பு முதலில் ரேடியேட்டர் தொட்டிக்குள்,
அங்கிருந்து காற்றுக்கு முகம் காட்டும் கூலருக்கு,
அப்புறம் வீடு.
ஹோஸ் பித்தளை முனையில் ஏற மாட்டேன் என்றது.
டீக்கு வைத்த வெந்நீரில் முக்கியதும் இணங்கியது.
டீயைத்தான் குடிக்க முடியவில்லை.

மறுநாள் சாவு வீடு, ஹில்டனைத் தாண்டி.
பதினொன்றுக்குள் பந்தல் நிற்க வேண்டும்.
இடது ஓரம், லாரிகளின் வால் பிடித்து ஏறினேன்.
புது முள்ளை மடியில் வைத்த குழந்தையைப் போல
பார்த்துக்கொண்டே வந்தாள் அக்கா.
எண்பது. எண்பத்தெட்டு. தொண்ணூற்றி மூன்று.
தாரில் சென்ற மாதத்துக் கறை.
"நிற்குது" என்றாள்.
எனக்கு நெஞ்சு காலுக்கு இறங்கியது.
"வண்டி இல்லடா. முள். முள் நிற்குது."

பந்தல் போட்டோம். உள்ளே அழுகை எழுந்தபோது
நான் வண்டியின் முன்னால் குந்தி
தலையைத் தாழ்த்திக் கிடந்தேன்.
இறந்தவரின் மருமகன் போலிருந்தது,
தோளைத் தொட்டுத் தண்ணீர் தந்தார்.
மறுக்கத் தெரியாமல் குடித்தேன்.

அடியில் ஒரே ஒரு சிவப்புத் துளி.
அவர் உள்ளே போகட்டும் என்று காத்திருந்து
கவ்வியைக் கால் சுற்று முறுக்கினேன்.