குழாயடிப் பதினெட்டு

காவிரி எங்கள் தெருவுக்குக்
குழாயில் வரும்.
நாலு நாளைக்கு ஒரு தடவை, காலை ஆறு மணிக்கு,
மேட்டூரில் ஏறி, எத்தனையோ மேடு தாண்டி,
அன்னதானப்பட்டியில் வந்து இருமும்.

பூலாம்பட்டி பஸ்ஸில் நிற்க இடமிருக்காது,
போனாலும் கால் நனைக்க விடாமல்
போலீஸ் கயிறு கட்டியிருக்கும் என்றாள் தமயந்தி அக்கா.
"ஆறே வாசலுக்கு வருது. நாம எதுக்குப் போகணும்?"
அதனால் இந்த வருஷம் ஆடிப் பதினெட்டு
குழாயடியில்.

நான் மோமோ வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன்.
"கூர்க்கா வீட்டம்மா, நீயும் வா.
இந்த நைட்டியோட வந்துடாத."

கூர்க்கா போய்ப் பதினாலு மாதம்.
விசிலை ஆணியில் மாட்டிவிட்டுப் போனான்.
கோழிக்கோட்டில் ஓட்டல் வேலை என்றான்,
பிறகு அந்த எண்
உபயோகத்தில் இல்லை.
அவன் பேர் மட்டும் இந்தத் தெருவில்
என்னைக் கூப்பிட இன்னும் உபயோகத்தில் இருக்கிறது.

சிவப்புச் சேலை கட்டினேன்.
கழுத்தில் பச்சைப் பாசிமணிச் சரம்,
எங்கள் பக்கம் அதுதான் தாலி.

மூன்று செங்கல், மேலே மஞ்சளில் பிடித்த பிள்ளையார்,
இலையில் காப்பரிசி, காதோலை, கருகமணி.
மணியைத் தொட்டேன். கையைத் தட்டிவிட்டாள் மாதம்மா.
"அது ஆத்தாளுக்கு. அவ போட்டுக்குவா."
பாக்லுங்கில் எங்கள் ஆற்றுக்குக்
காளி என்று பேர். தண்ணீரே கறுப்பு.
அதற்கு நகை போடலாம் என்று
எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை.

ஆறு மணி. ஏழு. எட்டரை.
வால்வு திறக்கிறவருக்கு ஐந்து பேர் போன் செய்தார்கள்.
அவருக்கும் ஆடிப் பதினெட்டாம்.

பொழுது போகக் கேட்டார்கள்,
உங்க ஊரில் பொம்பளைங்க பண்டிகை உண்டா?
உண்டு. தீஜ். ஆவணியில்.
முந்தின ராத்திரி வயிறு முட்டச் சாப்பிடுவோம்.
மறுநாள் சோறில்லை, சொட்டுத் தண்ணீரில்லை.
ஆடிக்கொண்டே இருப்போம்.
"தண்ணியுமா இல்ல?"
பாவாயி சிரித்த சிரிப்பில் அவள் குடம் சாக்கடைப் பக்கம் உருண்டது.
"அப்ப நம்ம தெருவே
வருஷம் பூரா உங்க நோன்புதான்டி புடிக்குது!"

மஞ்சள் கயிறு வந்தது.
கட்டியவளுக்குக் கழுத்தில், கட்டாதவளுக்குக் கையில்.
மாதம்மா பழசைக் கழற்றிப் புதுசில் கோத்தது
ஒரு துண்டு மஞ்சள். தங்கம் அடகில்.
என் முன்னால் வந்ததும் அக்காவின் விரல்
கழுத்துக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் நின்றது.
யாரும் எதுவும் கேட்கவில்லை.
கேட்காததுதான் எனக்குக் கேட்டது.

இருக்கிறானா?
வெறுக்கிற நாளில் இருக்கிறான் என்று தோன்றும்.
வெறுக்க மறந்த நாளில்
பயமாக இருக்கும்.

கயிற்றை வாங்கினேன்.
குனிந்து, குழாயின் கழுத்தில் கட்டினேன்.
மூன்று முடிச்சு.
"இவளும் என்னை மாதிரி.
வர்றேன் சொன்னான், வரல."
என் தமிழில் ஏதோ பிழை போல,
எல்லோரும் விழித்தார்கள்.
மாதம்மாதான் முதலில். சிரித்தாளோ என்னவோ,
முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.
பிறகு தெரு முழுக்கச் சிரித்தது.

ஒன்பது பத்துக்கு,
முதலில் காற்று. அப்புறம் இருமல்.
அப்புறம் துருப் பிடித்த செம்மண் நிறத்தில் அது.
மற்ற நாளாயிருந்தால் கவுன்சிலர் பரம்பரையே நாறியிருக்கும்.
இன்றைக்கு, "புதுவெள்ளம்!"
குலவை போட்டார்கள். எனக்கு நாக்கு சுழலவில்லை,
விசிலடித்தேன்.
காதோலையும் கருகமணியும் ஒரு முழம் மிதந்து
சாக்கடை மூடியில் சிக்கிக்கொண்டன.

என் குடத்தின் முறை பன்னிரண்டு.
பண்டிகை என்று யாரும் வரிசையை மாற்றவில்லை.
பதினொன்றாம் குடத்துப் பாவாயி
இன்னொன்றை நைசாக நுழைக்கப் பார்த்தாள்.
வாயில் பாதி மென்ற காப்பரிசியோடு
சண்டை போட்டேன்,
தமிழில்,
ஒரு பிழையில்லாமல்.