மடிக்க வேண்டாம்

பரீட்சைக் கிளையின் மூன்றாவது யன்னலில் இருக்கிறவவுக்கு
இப்போது என் முகம் மனப்பாடம்.
"திரும்பவும் வந்தாச்சா நங்கி?"
வந்தாச்சு.
இந்த மாதம் இது நாலாவது அதிகாரக் கடிதம்.

கொழும்பில் மிஞ்சினது நான்,
அதனால் எல்லாருடைய புள்ளிகளும்
என் கைப்பட்டுத்தான் கடல் கடக்கின்றன.
யசோதினிக்கு மெல்பேண்.
அபிசாந்துக்கு முதலில் லண்டன்,
லண்டன் சரிவரவில்லை, இப்போது லிதுவேனியா.
றிஸ்னா தோஹாவில்
ஒரு பல் வைத்தியரிடம் தொலைபேசி எடுக்கிறாள்.
படித்தது புள்ளிவிபரவியல்.
"சும்மா ஒரு கொப்பி கிடக்கட்டுமே" என்றாள்.
சும்மா கிடக்கப்போகிற கொப்பிக்கு
யாரும் சாமம் மூன்று மணிக்குக்
குரல் பதிந்து அனுப்புவதில்லை.

உறை தடிப்பம். பழுப்பு.
ஒட்டின இடத்தில் நீல முத்திரை.
முகப்பில் மும்மொழியிலும் ஒரே கட்டளை,
தமிழில் மட்டும் 'மடிக்க வேண்டம்'.
எங்கள் வேண்டாமுக்கு
அச்சகத்திலேயே ஒரு கால் போய்விட்டது.

மடிக்காமல் 138இல் ஏறிப் பார்க்க வேண்டும்.
ஒரு கை கம்பியில், மற்றது உறையில்,
மிச்சக் காசை கொண்டக்டர்
என் வாயிலா வைப்பான்?

நான் காப்புறுதிக் கம்பனியில்.
உங்கள் கோரிக்கையை ஏற்க முடியாமைக்கு வருந்துகிறோம்,
அதை மூன்று மொழியிலும் எழுதுகிறவள்.
கால் விழாமல் எழுதுகிறேன், அது போதும்.

குழுவின் முகப்பில் இன்னும் அதே படம்:
வாடகை மேலங்கியில் இருபத்தொரு பேர்,
வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு.
இடது ஓரம் ஞானப்பிரகாஷ்,
பிரதேச செயலகத்தில் பயிலுநர்,
நாலாவது வருடமாகப் பயில்கிறான்.
கதிரை காணாதென்று
கிழமையில் இரண்டு நாள் வரச்சொல்லியிருக்கிறார்கள்.
நடுவில் வித்தகன்,
எங்கள் ஆண்டின் ஒரேயொரு முதல் வகுப்பு.
அவனுக்கு மட்டும் நான் எதுவும் எடுத்துக்கொடுத்ததில்லை.
கேட்டதில்லை அவன்.

நேற்று தும்முல்லையில் மழை.
பஸ் நிற்காமல் போனது.
உறை நனையப்போகிறதே என்று போனில் ஓட்டோ போட்டேன்.
வித்தகன் எஸ்.
ஐந்துக்கு நாலு தசம் ஒன்பது இரண்டு.

கண்ணாடியில் பார்த்தான்.
நானும் பார்த்தேன்.
"காலி வீதியா, மரைன் டிரைவா?"
சிங்களத்தில்தான் கேட்டான்.
சிங்களத்திலேயே சொன்னேன்.
பம்பலப்பிட்டிச் சிவப்பு விளக்கு வரைக்கும்
வேறு யாரோ இரண்டு பேர்
எங்களுக்காகப் பயணம் செய்தார்கள்.

விளக்கு மாற நேரமெடுத்தது.
"ஆற்ற?" என்றான், உறையைக் காட்டி.
"யசோவின்ர."
"மேற்பிரிவு என்ன?"
"ஓம்."
"நிகழ்தகவு நான்தானே சொல்லிக் குடுத்தனான்."
வைப்பர் இரண்டு தரம் போய் வந்தது.
"குரூப்பில போட்டிடாத."
"என்னத்தை?"
"நான் மழையில நனைஞ்சதை."
அவனில் ஒரு துளி ஈரம் இல்லை.

ஒழுங்கை முடக்கில் இறங்கினேன்.
காசு வேண்டாமென்றான்,
அறுநூற்று நாற்பது ரூபா
அதற்கிடையில் கார்டில் போய்விட்டது.
போன் கேட்டது: பயணம் எப்படி இருந்தது?
எங்களில் கூட எடுக்கிறவனுக்கு
இதுவரை நான் புள்ளி போட்டதில்லை.
ஐந்தையும் நிரப்பினேன்.
காரணம் சொல்லச் சொன்னது, தெரிவுகள் தந்தது.
சுத்தமான வாகனம். இனிய உரையாடல்.
வழி தெரிந்தவர்.
மூன்றாவதில் விரலை வைத்தேன்,
எடுத்தேன்,
வைத்தேன்.

ரூமில் பார்த்தால் உறையின் ஒரு மூலை ஊறியிருக்கிறது.
மேலே அரிசிப் பேணியைப் பாரம் வைத்து
ஃபானை ஐந்தில் விட்டேன்.
யசோவுக்கு எழுதினேன்:
நாளைக்குக் கொரியரில் போடுறன்.
ஆறாயிரம் வரும். இந்த முறை நீ கட்டு.