விளக்கம் கோரல்

இடது பக்கம் என் சொல் கேட்பதில்லை.
பதினான்கு மாதம்.
கண் மூடாது, இரவில் பிளாஸ்டர் ஒட்டித்தான் தூக்கம்.
வலது உதடு மட்டும் தன்பாட்டில் மேலே ஏறி
எதைச் சொன்னாலும்
நக்கலாய் ஒரு சிரிப்பு.
மூன்று மாதத்தில் சரியாகும் என்றார்
அக்கரைப்பற்று ஆஸ்பத்திரி டொக்டர்.
அவரும் என்னைப் பார்த்துத் திரும்பச் சிரித்தார்.

மார்ச்சில் ஒரு செவ்வாய்.
சமுர்த்தி வங்கிக் கவுண்டரில்
"இந்தமுறையும் உங்கட பேர் இல்ல" என்று
சின்னத்தங்கத்திடம் சொன்னேன்.
சொல்வதற்கு முன் பட்டியலை மூன்று தரம் பார்த்தேன்.
நாலாம் தரம் 'த' வரிசையிலும் தேடினேன்,
தங்கம் என்று மட்டும் எழுதிவிட்டார்களோ என்று.
அவள் பட்டியலைப் பார்க்கவில்லை.
என் வாயைப் பார்த்தாள்.

"ஏன்கா சிரிக்காய்?
என்ட வயிறு உனக்குப் பகிடியா?"

வரிசையில் நின்ற அத்தனை பேரும் கிறுகிப் பார்த்தார்கள்.
முகத்தை நேராக்கப் பார்த்தேன்.
நேராக்க நேராக்க
இன்னும் சிரித்தது அது.

மறுகா கடிதம் வந்தது,
அரச பணி என்று அச்சடித்த உறையில்.
பொதுமக்களுடன் நடந்துகொண்ட விதம் தொடர்பாக
ஏழு நாட்களுக்குள் விளக்கம்,
மூன்று பிரதிகள்.

நரம்பின் பெயரை எழுதினேன்.
வைத்திய அறிக்கையை இணைத்தேன்.
அன்றைக்குச் சோறு இறங்கவில்லை என்பதை
எழுதவில்லை.
அதற்கு இணைப்பு இல்லை.

வைகாசியில் தம்பிலுவிலில்
அம்மன் கதவு திறந்தது.
சனத்துக்குள் நெரிபட்டு நின்றேன்,
இடது கண்ணைச் சேலைத் தலைப்பால்
ஒற்றி ஒற்றி.
பக்கத்தில் நின்றவள் எனக்கு இடம் விட்டாள்,
உருகி அழுகிறாள் என்று நினைத்திருப்பாள்.
அதுவும் பிழை.
அந்தக் கண் சும்மா வழியும்.

கேட்க வந்தது இதுதான்.
உனக்கு இது விளங்குமா?
உனக்கு எல்லாம் தெரியும் என்கிறார்கள்.
தெரிவது வேறு.
நெஞ்சுக்குள் நேரே புகுந்து பார்ப்பவளுக்கு
முகத்தைக் கொடுத்து வாழ்கிறவளின் பாடு
எந்த வழியால் வந்து சேரும்?
உன் வாயைப் பார்த்து
யார் தீர்ப்பெழுதினார்கள்?

உடுக்கு எழும்பியது.
வேப்பங்கொத்தை மஞ்சள் தண்ணீரில் தோய்த்துக்
கட்டாடியார் தெளிக்கத் தொடங்கினார்.
ஊர் முழுக்க அவளைக் குளிரச் சொல்லிக் கெஞ்சியது.
வெக்கைக்கும் அம்மைக்கும் பொய்த்த மழைக்கும்
அவள் கோபம்தான் காரணமாம்.
சட்டை போட்ட வயதிலிருந்து
நானும் கெஞ்சியிருக்கிறேன்.

பறிகொடுத்துவிட்டு வந்தவள் அவள்.
அது கோபம் என்று
முதலில் யார் சொன்னது?
துக்கமாய் இருந்தால்?
அழுதுகொண்டிருந்த ஒருத்தியின் தலையில்
வருஷா வருஷம் தண்ணீரைத் தெளித்து
ஆறு ஆறு என்றா சொல்லிக்கொண்டிருந்தோம்?
பிறகு கதவைச் சாத்தி,
அடுத்த வைகாசிக்கு வருகிறோம் என்று
கடலைச் சுருளோடு பஸ் ஏறினோமா?

அவளிடம் ஒருவரும் விளக்கம் கேட்கவில்லை.
ஒரு பிரதி கூட.

இதுவும் என் ஊகம்தான்.
எனக்குத் தோதான முகத்தை
அவளுக்கு வைத்துப் பார்க்கிறேனோ என்னவோ.
கல் ஒன்றும் சொல்லவில்லை.
ஆனால் நெடுநேரம்
கேட்க வந்ததை மறந்து
அவளுக்காக நின்றேன்.

தண்ணீர் முகத்தில் விழுந்தது.
இடது பக்கத்துக்கு அசைவுதான் இல்லை,
குளிர் தெரியும்.

நிமிர்ந்தபோது
பெண்கள் வரிசையில் சின்னத்தங்கம்,
ஈரத் தலையோடு,
கையில் பொங்கல் பானை.
என்னைக் கண்டதும் முகத்தை வெட்டித் திருப்பினாள்.
மார்ச்சில் எனக்கு அது
கோபமாய்த்தான் பட்டது.

புதுப் பட்டியல் வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது.
அதிலும் அவள் பேர் இல்லை.
எனக்குத் தெரியும், அவளுக்கு இன்னும் தெரியாது.
நாளைக்கு ஒன்பது மணிக்கு
நான்தான் சொல்ல வேண்டும்,
இந்த வாயால்.