காதுக்குறி

அன்றைய கூட்டத்துக்குக் குறிப்பெழுதியது நான்தான்.
பரோயே தீவுகளின் வடகோடி,
நூற்றி நாற்பது பேரும் அதைப்போல் ஏழு மடங்கு ஆடுகளும் உள்ள ஊர்.
பள்ளியின் உடற்பயிற்சி அறை.
கூடைப்பந்து வளையத்தின் கீழே வெண்திரை.
எழுபது நாற்காலி போட்டேன். போதவில்லை.

கோபன்ஹேகன் மருத்துவர் லிண்டெகோர்
படகுக் குமட்டல் இன்னும் தீராத முகத்தோடு
திரையில் ஒரு வம்ச மரம் காட்டினார்:
வேர் மேலே, கிளைகள் கீழே.
"நம் மலையில் மரமே கிடையாதே"
என்று பின்வரிசையில் யாரோ சொன்னதை
நான் எழுதவில்லை.

முந்நூறு ஆண்டுகள்
மலைக்கும் கடலுக்கும் இடையே
நமக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்து வந்ததில்
சிலர் இரத்தத்தில் ஓர் எழுத்துப் பிழை.
தாயிடம் ஒன்று, தகப்பனிடம் ஒன்று,
இரண்டும் ஒரு பிள்ளையிடம் சேர்ந்துவிட்டால்
இதயம் என்றாவது சொல்லாமல் நின்றுபோகலாம்.
ஒரு துளி போதும் கண்டுபிடிக்க, என்றார்.

குறிப்பு: மருத்துவர் விளக்கினார்.

ராங்வால்ட் எழுந்தான்.
"என் பெயருக்கு நேரே ஒரு சிவப்புப் புள்ளி விழுந்தால்
படகுக்குக் கடன் தருவானா வங்கிக்காரன்?"
மருத்துவர் சட்டத்தைப் படித்தார், இரண்டு பிரிவுகள்.
"சட்டம் தோர்ஷவ்னில் இருக்கிறது.
வங்கிக்காரன் எதிர்வீட்டில் இருக்கிறான்."
கைதட்டல்.

ஓல்வா உட்கார்ந்தபடியே கேட்டாள்:
"நாம் கேட்காததையும் இரத்தம் சொல்லுமா?
யாருக்கு யார் பிள்ளை, அப்படி ஏதாவது?"
"சொல்லும். நாங்கள் வெளியே சொல்ல மாட்டோம்."
ஒரே நேரத்தில் மூன்று பேர்
தங்கள் தொப்பிகளைத் தேடினார்கள்.

குறிப்பு: தனியுரிமை பற்றி விவாதம்.

பிறகு ஹானுஸ். கையில் தடி, கம்பளியில் புல்.
"என் ஆட்டுக்கு வலக்காது நுனியில் ஒரு வெட்டு,
இடக்காதின் பின்னால் ஒரு பிளவு.
எந்தச் சரிவில் மேய்ந்தாலும் அது என்னுடையது.
குறி போடுவது ஆட்டுக்காக இல்லை, டாக்டர்,
உடையவனுக்காக.
நீங்கள் கொண்டுபோகும் இரத்தத்துக்கு உடையவன் யார்?"

"நல்ல கேள்வி" என்று கண்ணாடியைத் துடைத்தார் மருத்துவர்.
நல்ல கேள்வி என்பவர்களிடம்
பதில் இருந்து நான் பார்த்ததில்லை.

கடைசியில் கை தூக்கியவள் பில்லா.
மீன் வெட்டும் மேசையில் எனக்கு எதிரே நிற்பவள்.
அவள் மகன் டெய்ட்டூர், பத்தொன்பது வயது,
போன வருடத்துக்கு முந்தைய வருடம்
கால்பந்துத் திடலில், மூலை உதைக்காகப்
பந்தை வைக்கக் குனிந்தவன்
நிமிரவில்லை.
இதே அறையில்தான் அன்று காப்பி கொடுத்தோம்.
ஊரே இப்போது அவளைப் பார்க்காமலிருக்கப் பார்த்தது.

"தெரிந்தபின் என்ன செய்வீர்கள்?"
"மாத்திரை. ஆயுள் முழுக்க."
"என்ன விலை?"

மருத்துவர் சொன்னார்.
மாதத்துக்கு, ஏறக்குறைய,
நான்கு ரொட்டியின் விலை.

கடையில் விலை கேட்டுவிட்டு
பையில் இருக்கிறதா என்று மனதுக்குள் கூட்டிப் பார்ப்பவள்போல
தலையசைத்து உட்கார்ந்தாள்.
ஹீட்டர் இரைந்தது.
ராங்வால்ட் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

குறிப்பு: விலை பற்றி ஒரு கேள்வி. பதிலளிக்கப்பட்டது.

வாக்கெடுப்பு நடக்கவில்லை.
எட்டே முக்காலுக்குக் கடைசிப் படகு.
டேபிள் டென்னிஸ் மேசைமேல் செவிலி பெட்டியைத் திறந்தாள்.
கொஞ்ச நேரம் யாரும் நகரவில்லை.
பிறகு முணுமுணுத்துக்கொண்டே ஹானுஸ் போய் நின்று
காதைக் காட்டினார்: "இங்கேயே குத்து."
"விரல் போதும்."
"பெயர் எழுதாதே."
"எண்தான். நீங்கள் ஒன்று."
"அதுவும் குறிதானே" என்றார்.
ஆனால் விரலை எடுத்துக்கொள்ளவில்லை.

என் எண் நாற்பத்தொன்று.
பஞ்சை அழுத்திப் பிடித்தபடி
மறுகையால் கூட்டம் முடிந்த நேரத்தை எழுதினேன்.
கையெழுத்து கோணலாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

பில்லா வரிசையில் வரவில்லை.
வா என்று கூப்பிட யாருக்கும் வாய் வரவில்லை.
நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்,
ஆறு ஆறாக,
இரும்பு இரும்போடு உரசிச் சத்தம் வராதபடி
ஒவ்வொன்றின்மேலும் கை வைத்து.