இடது முழங்கால், 22 மில்லி

ட்யூபில் என் பெயரை நானே எழுதினேன்.
கோ. தமயந்தி, பெண், 41.
மாதிரி: மூட்டு நீர்.
அனுப்பியவர் கட்டத்தில் டாக்டர் ஜெசிந்தா.
பெற்றுக்கொண்டவர் கட்டத்தில்
என் கையெழுத்து.

வைக்கோல் நிறம். லேசான கலங்கல்.
மேட்டூர்த் தண்ணீர்
பத்து நாள் கழித்து வருகிற அன்று
முதல் குடத்தில் இருக்குமே, அது.

உண்ணி எங்கே கடித்தது என்று தெரியாது.
தங்கை வீட்டுக்கு ஜெர்மனி போய்
ஏரிக்கரைப் புல்லில் உட்கார்ந்தபோதா,
நாகலூரில் ஆடுகளுக்கு ரத்தம் எடுக்கப் போன வாரமா.
டாக்டர் முதலாவதை எழுதிக்கொண்டார்.
எனக்கு மலைமேல்தான் சந்தேகம்.
காப்பிச் செடிகளுக்கு நடுவே நின்று
சாக்ஸை உதறியது நினைவிருக்கிறது.

இருபத்தெட்டு நாள் மாத்திரை.
பிறகு இருபத்தெட்டு நாள் ஊசி.
கையில் பிளாஸ்திரியோடு
ஐந்து ரோட்டில் பஸ் ஏறி வேலைக்கு வந்தேன்.
கிருமி போய்விட்டது.
இரண்டு முறை பி.சி.ஆர்., இரண்டு முறையும் இல்லை.
முழங்கால்
நம்பவில்லை.

இன்று நிறமேற்றி மெஷினில் விட்டேன்.
திரையின் ஒரு மூலையில்
மழைக்கு மறுநாள் ட்யூப்லைட்டடியில் ஈசல் போல
என் டி செல்கள்.
இன்டர்ஃபெரான் சுரப்பவை ஏராளம்.
போதும் என்று சொல்ல வேண்டியவை கொஞ்சம்.
அந்தக் கொஞ்சத்திலும் சில
சொல்ல வந்ததை விட்டுவிட்டுக்
கூட்டத்தோடு சேர்ந்து கத்துகின்றன.

அப்பா மாக்னசைட் சுரங்கத்தில் வெடி வைத்தவர்.
வெடிக்கு முன் ஒரு சங்கு.
முடிந்ததும் நீளமாக இன்னொன்று.
அதுவரை ரோட்டில் சைக்கிள்கள் நிற்கும்.
ஒருநாள் சங்குக்காரர்
இரண்டாவதை ஊத மறந்து டீ குடிக்கப் போய்விட்டார்.
முக்கால் மணி நேரம், சித்திரை வெயில்,
ஒருவரும் நகரவில்லை.
சொல்லும்போதெல்லாம் அப்பாவுக்குச் சிரிப்பு.

நின்றவர்கள் சும்மா நின்றார்கள்.
என் ஆட்கள் அடித்துக்கொண்டே நிற்கிறார்கள்.
எதை என்று கேட்டால்
செத்த கிருமியின் தோல் துணுக்கு
இன்னும் கிடக்கிறது என்கிறது ஒரு கட்டுரை.
அதன் சாயலில் என் சதையையே என்கிறது இன்னொன்று.
படித்து முடிப்பதற்குள் கால் மரத்துவிடுகிறது.

கோபம் வரவில்லை.
ஆறு வயதில் அம்மை போட்டபோது
வேப்பிலைக்கு நடுவே நான் தூங்கினேன்,
இவை தூங்கவில்லை.
ஞாயிற்றுக்கிழமை முதல் ஒரு மஞ்சள் மாத்திரை,
வாரம் ஒன்று.
இவற்றைக் கொஞ்சம் உட்காரவைக்க.

சரிபார்த்தவர் கட்டத்தில் நானே போடக்கூடாது, விதி.
பெரியண்ணனைக் கூப்பிட்டேன்.
பெயரைப் பார்க்கவில்லை, எண்களைப் பார்த்தான்.
“பாவம்க்கா, இந்த ஆளு
படியே ஏற முடியாதே.”
கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான்.

லிஃப்ட் திங்கள் முதல் ரிப்பேர்.
கீழே வாசலில் சாம்பிள் பெட்டி வந்து நிற்கிறது.
மூன்று மாடி.
இன்று என் முறை.